முதலில் தேதியை எழுதுங்கள்: மாதவிடாய் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தேதியும் இல்லை, வயதும் இல்லை. இருப்பதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கே: எனக்கு பீரியட்ஸ் சரியாக வருவதில்லை. என்ன மாத்திரை சாப்பிடலாம்?

ப: எத்தனை வயது, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது, கல்யாணம் ஆனவரா, எதையுமே எழுதாமல் மாத்திரை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்வது? காலண்டரில் 3 மாதம் குறித்து வையுங்கள். வந்த நாளுக்கு ஒரு வட்டம், நின்ற நாளுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான் வேலை. 21 முதல் 35 நாளுக்குள் வந்து 7 நாளுக்குள் நின்றால் அது சரியாகத்தான் வருகிறது. நாள் தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பமா என்று பாருங்கள், அப்புறம் தைராய்டு.

கே: மகளுக்கு 14 வயது. வயசுக்கு வந்து 2 வருடம் ஆகிறது, 40 நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ப: முதல் 2, 3 வருடம் 45 நாள் வரை இழுப்பது இயல்பு. இந்த வயதில் சினைப்பையை ஸ்கேன் பண்ணினால் குட்டிக் குட்டிக் கொப்புளங்கள் நிறையத் தெரியத்தான் செய்யும். வயசுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓடி (நீர்க்கட்டி நோய்) என்று முடிவு கட்டக்கூடாது. சேர்ந்தாற்போல் 3 மாதம் வராவிட்டாலோ, முகத்தில் கறுத்த முடி வந்தாலோ, கழுத்து கறுத்து எடையும் ஏறினாலோ கூட்டிப்போய்க் காட்டுங்கள். இப்போதைக்கு அவளுக்கு அந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம்.

கே: அந்த நாட்களில் தலைக்குக் குளிக்கலாமா?

ப: தாராளமாக.

கே: அடுத்த வாரம் வீட்டில் கிரகப்பிரவேசம். மனைவிக்குத் தள்ளிப்போட மாத்திரை வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை?

ப: நீங்கள் வாங்க வேண்டாம், அவர் டாக்டரைப் பார்க்கட்டும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் தொடக்கூடாத மாத்திரை அது. நாள் நெருங்கிய பிறகு ஆரம்பித்தால் வேலையும் செய்யாது, வழக்கமாக 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். மாத்திரையை நிறுத்தி 2, 3 நாளில் வந்துவிடும். வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள்.

கே: வயது 36, இரண்டு குழந்தைகள். மாதம் 9, 10 நாள் கட்டி கட்டியாகப் போகிறது. சின்ன ஃபைப்ராய்டு (கர்ப்பப்பையில் தசைக்கட்டி) இருக்கிறதாம், குடும்பம் முடிந்துவிட்டதால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். மாமியாரும் அதையேதான் சொல்கிறார்.

ப: இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பொறுமை போய்விடும். 'குடும்பம் முடிந்துவிட்டது' என்பது ஒரு உறுப்பை வெட்டி எடுக்கக் காரணமே இல்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களை 2019-இல் அரசுக் குழு கணக்கெடுத்தபோது, 80 ஆயிரத்துச் சொச்சம் பேரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. மாதவிடாய்க்கு லீவு போட்டால் கூலி போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், புற்றுநோய் வரும் என்று மிரட்டியவர்கள் இன்னொரு பக்கம். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 15 முதல் 49 வயதுக்குள் 100 பெண்களில் 8, 9 பேருக்கு எடுத்தாகிவிட்டது என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. இந்தியா முழுவதற்கும் எடுத்தால் அது 3 பேர்தான்.

சினைப்பையைச் சேர்த்து எடுத்துவிட்டால் 36 வயதிலேயே மாதவிடாய் நின்று எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். அதை விட்டுவைத்தாலும் சிலருக்குச் சில வருடம் முன்னதாகவே நின்றுபோகிறது. அந்த ஃபைப்ராய்டு எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களா? கர்ப்பப்பையின் உட்குழியில் துருத்திக்கொண்டிருப்பதுதான் அதிகம் ரத்தம் போகவைக்கும், வெளிச்சுவரில் இருக்கும் சின்னக் கட்டி பெரும்பாலும் சும்மா கிடக்கும். போக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை ரத்தத்தைப் பாதியளவுக்குக் குறைக்கும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப் 5 வருடத்துக்கு மேல் தாங்கும், பலருக்குப் போக்கு 90 சதவீதம் வரை குறைகிறது. இதையெல்லாம் பார்த்தும் கேட்காவிட்டால், அல்லது சதைப் பரிசோதனையில் கெட்டது ஏதாவது தெரிந்தால், அப்போது அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். நானும் செய்கிறேன், தேவைப்பட்டவர்களுக்கு. இரண்டாவது டாக்டர் ஒருவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பாருங்கள். உங்களைப் போல ஒரு அம்மா மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். முந்தானை முடிச்சில் பச்சரிசி இருந்தது, பேசிக்கொண்டே வாயில் போட்டு மென்றார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் காகிதம் போல வெளுப்பு. ஹீமோகுளோபின் 6. அரிசி, ஐஸ், சாம்பல் தின்னும் ஆசையே இரும்புச்சத்து வற்றியதற்கு அடையாளம். பல வருடமாக மாதம் 10 நாள் ரத்தம் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, 'எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்' என்றார். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள்.

கே: வயது 22. முதல் நாள் வலியில் வாந்தி, மயக்கம், மாதாமாதம் ஊசி. கல்யாணமானால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

ப: கல்யாணம் மருந்து இல்லை. மெஃபெனமிக் ஆசிட் மாதிரியான வலி மாத்திரையை, வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பாட்டுக்குப் பிறகு, வலி தொடங்கும்போதே போட்டால் பெரும்பாலோருக்குக் கேட்கும். உடம்பில் தடிப்பு, காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 3 மாதம் ஒழுங்காகப் போட்டும் வேலைக்கோ காலேஜுக்கோ போக முடியாவிட்டால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற சதை வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் அது இருக்கலாம். வலி எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் விடுகிறது என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள்.

கே: அம்மாவுக்கு 56. நின்று 4 வருடம் ஆகிறது. போன வாரம் இரண்டு நாள் லேசாகக் கறை பட்டது. சூட்டினால் இருக்குமா?

ப: இல்லை. நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். பெரும்பாலும் உள்சவ்வு மெலிந்ததுதான் காரணமாக இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் இப்படித்தான் தெரியும், ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகும். உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சதை எடுத்துப் பார்ப்பார்கள். இந்த வாரமே கூட்டிப்போங்கள்.