நோட்டேஷனில் வரும் இத்தாலியச் சொற்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

மேற்கத்திய இசைக் கிரேடு தேர்வுக்குப் பியானோ படிக்கிறேன், நோட்டேஷனில், அதாவது எழுதிய இசைக் குறிப்பில் வரும் இந்த இத்தாலியச் சொற்களை மொத்தமாக உருப்போட்டே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அகர வரிசைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி, ஒரு வாரத்தில் எல்லாம் கலங்கிவிடும்.

முதலில் சின்னச் சின்ன ஒட்டுச் சொற்களைப் பிடியுங்கள். போக்கோ என்றால் கொஞ்சம், மோல்தோ மிகவும், பியூ இன்னும் அதிகமாக, மேனோ குறைவாக, கோன் என்றால் உடன், சென்ஸா என்றால் இல்லாமல், செம்ப்ரே எப்போதும், மா நோன் த்ரோப்போ 'ஆனால் ரொம்ப வேண்டாம்'. மோஸ்ஸோ என்றால் ஓட்டம், எனவே இவ்வளவு தெரிந்தாலே பியூ மோஸ்ஸோ வந்தால் வேகத்தைக் கூட்டு, மேனோ மோஸ்ஸோ வந்தால் குறை என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். கடைசியில் 'இஸ்ஸிமோ' ஒட்டியிருந்தால் அதன் உச்சம்: ஃபோர்ட்டே பலமாக, ஃபோர்ட்டிஸ்ஸிமோ மிகப் பலமாக. சன்னமாக வாசி என்பதற்கு 'பியானோ' என்ற சொல்லின் சுருக்கமாக ஒரு 'பி', இன்னும் சன்னமாக என்றால் இரண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி தன் ஆறாவது சிம்பொனியில் ஓரிடத்தில் ஆறு 'பி' போட்டிருக்கிறார், அதற்கு மேல் போட்டால் வாசிக்காமலே உட்கார்ந்திருக்கலாம்.

வேகச் சொற்களில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டிக் டிக் என்று அடித்து வேகம் காட்டும் மெட்ரோனோமுக்கு மெல்ட்ஸெல் என்பவர் காப்புரிமை வாங்கியதே 1815இல்தான், அதற்கு முன் எழுதியவர்களுக்கு எண் போடும் வசதி இல்லாததால் அலெக்ரோ, அந்தாந்தே எல்லாம் வேகத்தோடு உணர்ச்சியையும் சேர்த்தே சொன்னன. அலெக்ரோ என்றால் இத்தாலியர்களுக்கு உற்சாகம், அந்தாந்தே நடக்கிற நடை. மெட்ரோனோம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை வேதவாக்காக எடுக்காதீர்கள், ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாது. பீத்தோவன் மாதிரி இசையமைப்பாளரே எண் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம்.

கிரெஷெண்டோ என்று எழுதியிருக்கும் இடம் சத்தமான இடம் அல்ல. அங்கிருந்துதான் ஏற ஆரம்பிக்க வேண்டும், அதாவது அந்த இடத்தில் நீங்கள் இன்னும் சன்னமாகத்தான் இருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்ததும் ஓங்கி அடித்துவிட்டால் அப்புறம் ஏற இடமே இருக்காது.

இன்னொன்று, ஒரே சொல் வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். வயலினில் கோன் சொர்தீனோ என்றால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேல், சத்தத்தை அடக்கும் மியூட்டைச் செருகு என்று பொருள். ஆனால் பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா முதல் பகுதியில் வரும் சென்ஸா சொர்தீனோவுக்கும் மியூட்டுக்கும் சம்பந்தமில்லை, தந்தியின் அதிர்வை அடக்கும் டேம்பர்கள் இல்லாமல் வாசி, அதாவது வலது பெடலை அழுத்தியே வை என்கிறார். அவர் காலத்துப் பியானோவில் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும், இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் சுரமெல்லாம் கூழாகிவிடும் என்பதால் பலரும் ஹார்மனி, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு மாறும்போது பெடலை மாற்றி வாசிக்கிறார்கள். அகராதி மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

டா காப்போ என்றால் தலைக்கு, அதாவது ஆரம்பத்துக்குப் போ, டால் செஞ்ஞோ என்றால் அந்தக் குறி இருக்கும் இடத்துக்குப் போ, ஃபீனே வந்தால் முடிவு. சரி, இதில் பெரிய சிக்கல் இல்லை.

வாசிக்க உட்காரும் முன் பென்சிலை எடுத்து, 'ரிட்' என்று வேகம் குறையும் ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால், பழைய வேகத்துக்குத் திரும்பு என்று சொல்லும் 'அ டெம்போ' எங்கே வருகிறது என்று தேடி வட்டம் போடுங்கள். குறைத்த வேகத்திலேயே மீதிப் பாட்டையும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.