ஆறு பட்டை இருக்கிறதே, அப்புறம் ஏன் முக்கோணம்?

கேள்வி: ஏற்காட்டில் வாங்கிய ஸ்படிகக் கல்லில் எண்ணிப் பார்த்தால் ஆறு பட்டை. ஆனால் ஸ்படிகம், அதாவது குவார்ட்ஸ், ‘முக்கோணப் படிகத் தொகுதி’ என்று படித்தேன். ஆறா, மூன்றா?
– வாசகி, சேலம்

பதில்: நீங்கள் எண்ணியதும் சரி, படித்ததும் சரி. நிலவியல் வகுப்பில் முனையைத் துணியால் மூடி இந்தக் கல்லைக் கொடுப்பேன். அத்தனை பேரும் ‘அறுகோணம்’ என்றுதான் எழுதுவார்கள். துணியை எடுத்தால் பேனாக்கள் மறுபடி ஓடும்.

பட்டையை விடுங்கள், கூர்முனையைப் பாருங்கள். ஜன்னலோரம் நின்று மெல்ல உருட்டினால், முனையில் கூடும் ஆறு முகங்களில் ஒன்று பெரிது, அடுத்தது சிறிது, மறுபடி பெரிது என்று மாறி மாறி வரும். 60 பாகை திருப்பினால் பெரியது இருந்த இடத்தில் சிறியது வந்து நிற்கும். 120 பாகை திருப்பினால்தான் பழைய தோற்றம். ஆக, முழுச் சுற்றில் மூன்று தடவை; ‘முக்கோணம்’ என்ற பெயர் இதனால்தான். சமச்சீர் என்று நாங்கள் பார்ப்பது இதைத்தான், பட்டைகளின் எண்ணிக்கையை அல்ல. சில கற்களில் ஆறு முகமும் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்ந்து ஏமாற்றும்; உள்ளே அணுக்களின் அடுக்கு அப்போதும் மூன்றின் கணக்குதான். 573 டிகிரி செல்சியஸைத் தாண்டச் சுட்டால் அணுக்கள் லேசாக நகர்ந்து நிஜமாகவே அறுகோணமாகிவிடும். சூடு தணிந்தால் பழையபடி முக்கோணம்.

ஒரு எச்சரிக்கை. கடைகளில் விற்கும் கூர்முனைக் கற்கள் பல, இயந்திரத்தில் தேய்த்துப் பட்டை தீட்டியவை. அந்த முனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இயற்கையாக வளர்ந்த கல்லின் பக்கங்களில் பெரும்பாலும் குறுக்குவாட்டில் மெல்லிய வரிகள் ஓடும். நகத்தால் வருடினாலே பல சமயம் தட்டுப்படும்.

கேள்வி: கைக்கடிகாரத்துக்கு ஏன் குவார்ட்ஸ்? சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட்டும் அதே முக்கோணத் தொகுதிதானே?
– வாசகர், திருச்சி

பதில்: நல்ல கேள்வி. தொகுதி ஒன்றுதான், ஆனால் கால்சைட்டுக்குச் சமச்சீர் மையம் உண்டு. ஒரு பக்கம் என்ன இருக்கிறதோ அதுவே மையத்துக்கு நேர் எதிரிலும் இருப்பதால், அழுத்தினாலும் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. குவார்ட்ஸுக்கு அந்த மையம் கிடையாது. அழுத்தினால் மின்சாரம் எட்டிப் பார்க்கும். 1880-ல் பியர் கியூரியும் அண்ணன் ஜாக்கும் கண்டது இது. கடிகாரத்தில் தலைகீழாக நடக்கிறது: மின்சாரம் கொடுத்தால் துண்டு அதிர்கிறது, நொடிக்கு 32,768 தடவை. இதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுதான் நொடி முள்ளின் ஒரு துடிப்பு.

கேள்வி: நட்சத்திர நீலக்கல்லில் ஆறு கதிர். இதுவும் முக்கோணமா?
– வாசகர், கண்டி

பதில்: ஆமாம். உள்ளே ரூட்டைல் என்ற கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் மூன்று திசையில் கிடக்கின்றன. ஒவ்வொரு திசைக்கும் ஒரு ஒளிக்கோடு. மூன்று கோடும் நடுவில் வெட்டினால் ஆறு கதிர். டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், மங்கலாகத்தான் தெரியும். வெயிலில் அல்லது ஒற்றை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்.