மாவு மாற்ற வேண்டாம்: வீட்டில் ரமலான் பிதே சுடுவது எப்படி?

கேள்வி: கணவரின் வேலைக்காக இஸ்தான்புல்லில் குடியேறியிருக்கிறோம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் பேக்கரி வாசலில் நீளும் வரிசையில் கைக்குழந்தையோடு நிற்க முடியவில்லை. ஆகவே ரமலான் பிதே என்னும் தட்டையான வட்ட ரொட்டியை வீட்டிலேயே மின்சார ஓவனில் சுட்டுப் பார்த்தேன். விரலால் அழுத்திய கோடுகள் வெந்ததும் மறைந்து, ரொட்டி உப்பிவிடுகிறது. மேலே கருகுகிறது, அடி வெளுத்தே இருக்கிறது. விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கு எடுத்தால் விறைத்துப் போயிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், பேக்கரிகளுக்கு மட்டும் போகும் 'பிதே மாவு' வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கடை விலையைப் போல மூன்று மடங்கு. வாங்கலாமா? அடுத்த வாரம் கேஸ் ஓவன் உள்ள வீட்டுக்கு மாறுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் ஒன்றுகூட மாவினால் வந்ததாகத் தெரியவில்லை.

அந்த மாவு வியாபாரத்தை முதலில் பேசிவிட வேண்டும். பேக்கரிக்குப் போகும் பெரிய மூட்டையைப் பிரித்து, பெயரில்லாத பைகளில் கட்டி, ஏதோ தொழில் ரகசியத்தைக் கைமாற்றுவதுபோல் விற்பார்கள். அந்தப் பையில் அரைத்த தேதி இருக்காது. புரத அளவு இருக்காது. வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்பதும் இருக்காது. நோன்பு மாதத்தில் குடும்பத்துக்கு நல்லது செய்ய நினைக்கும் பெண்களின் ஆசையைக் காசாக்குகிறவர்கள் இவர்கள். 'பிதே மிக்ஸ்' என்று அழகான பெட்டியில் வருவதும் ஏறத்தாழ இதே கதைதான். மாவு, உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றை வீட்டில் நீங்களே கலக்க முடியாதா என்ன?

உங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் சாதாரண வெள்ளைக் கோதுமை மாவே போதும். பையின் மீது டிப் (வகை) 550, டிப் 650 என்று எண்கள் இருக்கும். எண் கூடினால் மாவு வலுவானது என்று கடைக்காரர்களே சொல்லக்கூடும், நம்பாதீர்கள். அது மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் கணக்கு. 550 என்றால் ஏறக்குறைய 0.55 சதவீதம். தவிடு எவ்வளவு நீங்கியிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். மாவுக்கு இழுவை இருக்கிறதா என்பதைக் காட்டாது. ஆலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வேண்டிய எண்ணைப் பெரிதாக அச்சிட்டுவிட்டு, சமைக்கிறவருக்கு வேண்டிய புரத எண்ணைப் பொடி எழுத்தில் பின்பக்கம் தள்ளியிருக்கிறார்கள். ரமலானில் நகராட்சி ஊழியர்கள் பேக்கரிகளுக்குப் போய்ப் பிதேயை எடை போட்டுப் பார்க்கிறார்கள். நல்ல வேலைதான். பெயரில்லாத மாவுப் பையைப் பிடித்துக் கேள்வி கேட்பதற்கும் அதே அக்கறை வர வேண்டாமா? இப்போதைக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்: பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் 11 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் பிதேக்கு வருவோம். கோடுகள் மறைவதற்கு முதல் காரணம் தண்ணீர்க் குறைவு. சப்பாத்திக்குப் பழகிய கை, ஒட்டாத பதம் வந்தால்தான் பிசைவதை நிறுத்தும். பிதேக்கு அந்தப் பதம் ஆகாது. 500 கிராம் மாவுக்கு 340 முதல் 350 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். அதில் கால் பங்கைப் பாலாகவும் ஊற்றலாம். 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அதாவது 10 கிராம் பொட்டலத்தில் பாதி. ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், 9 கிராம் உப்பு. உப்பைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். நோன்போடு சமைக்கிறவர் நாக்கில் வைத்துப் பார்க்கத் தயங்குவார். கைக்கணக்கு தவறினால் நோன்பு திறக்கும்போதுதான் தெரியும். அந்த மாவுக்குக் கொடுக்க இருந்த பணத்தில் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள்.

பத்து நிமிடம் பிசையுங்கள். கையில் ஒட்டும். ஒட்டட்டும், விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், மேலும் மாவு தூவாதீர்கள். மூடி வைத்து, இரண்டு மடங்காகப் பொங்கும்வரை ஒரு மணி நேரம் அளவுக்குக் காத்திருங்கள். இரண்டு உருண்டைகளாக்கி இருபது நிமிடம் விடுங்கள். பிறகு பேக்கிங் தாளின்மீது வைத்து, 25 சென்டிமீட்டர் அகல வட்டமாகக் கையாலேயே தட்டி, இன்னும் இருபது நிமிடம் விடுங்கள். பொங்கி முடிக்காத மாவில் கோடு போட்டால், ஓவனுக்குள் போனதும் அது எழும்பிக் கோட்டை மூடிவிடும். ஆகவே விரல் வேலை எல்லாவற்றுக்கும் கடைசியில், ஓவன் கதவைத் திறப்பதற்குச் சற்று முன்பு.

பயந்து பயந்து அழுத்தாதீர்கள். விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி முதலில் ஒரு வட்டம், பிறகு உள்ளே இணையான கோடுகள், அவற்றைச் சாய்வாக வெட்டும் கோடுகள். விரல் நுனி அடித்தாளைத் தொடும் அளவுக்கு இறங்க வேண்டும். விரலை, ரொட்டியின் மேலே தடவும் பூச்சில் தோய்த்துக்கொண்டால் மாவு ஒட்டாது.

அந்தப் பூச்சில்தான் கருகும் சங்கதியும் இருக்கிறது. மஞ்சள் கருவும் தயிரும் கலந்து தடவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முட்டை சீக்கிரம் நிறம் ஏறும். ரொட்டி வேகும் முன்பே மேற்புறம் கறுத்துவிடும். பேக்கரிகளில் முட்டை தடவிய பிதேயைத் தனி விலைக்கு விற்பார்கள். சாதாரணப் பிதேயின் பளபளப்பு மாவுக் கஞ்சியில் வருவது. ஒரு மேசைக்கரண்டி மாவை 150 மில்லி தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிளறி, நீர்த்த கஞ்சியாக்கி ஆறவிட்டுத் தடவுங்கள். மேலே எள்ளும் கருஞ்சீரகமும் தூவினால் போதும்.

அடி வெளுப்பதற்குக் காரணம் குளிர்ந்த தட்டு. பேக்கரியில் பிதே நேராகச் சூடேறிய கல்லின்மீது விழுகிறது. அதற்காகக் கல் வாங்க ஓட வேண்டாம். வீட்டிலுள்ள கனமான இரும்புத் தட்டைக் கவிழ்த்து, ஓவனின் கீழ் அடுக்கில் வைத்து, 240 டிகிரியில் முக்கால் மணி நேரம் காயவிடுங்கள். பிதேயைத் தாளோடு அதன்மீது நகர்த்துங்கள். தாளின் உறையில் எத்தனை டிகிரி தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிதேயைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் தாளை முன்பே நறுக்கிவிடுங்கள். 10 முதல் 13 நிமிடம் போதும்.

இது மின்சார ஓவனுக்கு. நீங்கள் போகும் வீட்டின் கேஸ் ஓவன் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். பழைய கேஸ் ஓவன்கள் பலவற்றில் சுடர் அடியில் மட்டும்தான். அங்கே இரும்புத் தட்டைக் கீழே வைத்தால் அடி கரியாகும், மேற்புறம் வெளிறும். தட்டை நடுவில் வையுங்கள், அதற்குக் கீழே காலியான இன்னொரு தட்டு இருக்கட்டும். இரண்டாவது தட்டு ஓவனின் அகலம் முழுவதையும் அடைக்கக் கூடாது. சூடான காற்று மேலே ஏற ஓரங்களில் வழி வேண்டும். முன்கூட்டிச் சூடேற்ற அரை மணி நேரம் போதும். பூச்சையும் மாற்றுங்கள்: மின்சார ஓவனில் நான் வேண்டாம் என்ற மஞ்சள் கருவும் தயிரும் இங்கே உதவும், ஏனெனில் மேலே நிறம் வருவதற்கு வேறு வழி குறைவு. மேற்சுடர் தனியாக இருந்தால் கடைசி இரண்டு நிமிடம் அதை ஏற்றி, பக்கத்திலேயே நில்லுங்கள். கதவின் வெப்பமானி எண்ணை மட்டும் நம்பாமல், முதல் பிதேயின் அடியை எட்டாவது நிமிடத்தில் தூக்கிப் பாருங்கள். வீடு மாறிய முதல் நாளே விருந்தினரை அழைத்துவிடாதீர்கள்.

சஹர் நேரத்து விறைப்புக்கு, குறைந்த சூட்டில் நெடுநேரம் சுட்டு ஈரத்தைப் போக்கிவிடுவது ஒரு காரணம். மேலே சொன்னபடி செய்தால் அது தீரும். இன்னொரு காரணம் ஃபிரிட்ஜாக இருக்கலாம். ரொட்டியை ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே இருப்பதைவிட வேகமாக விறைக்கும். வெந்ததும் துணியில் சுற்றி வையுங்கள். நோன்பு திறந்ததும் மிஞ்சப்போவதைக் கணித்து, ஆறியவுடன் பையில் போட்டு ஃபிரீசருக்கு அனுப்பிவிடுங்கள். சஹருக்கு எடுத்து, தண்ணீர் தெளித்து, 200 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் சூடாக்கினால் மெத்தென்று இருக்கும். மைக்ரோவேவில் வேண்டாம், மேசைக்கு வருமுன் மறுபடி இறுகிவிடும்.