எஸ்ஸன் கண்காட்சியில் புதிய பலகை விளையாட்டுகளைக் கண்டறிவது எப்படி?

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் நடைபெறும் ‘ஷ்பீல்’ பலகை விளையாட்டுக் கண்காட்சிக்கு முதன்முறையாகச் செல்பவர், நூற்றுக்கணக்கான புதிய வெளியீடுகளுக்கு நடுவே தமக்கு உகந்ததை எவ்வாறு கண்டறிவது என்று கேட்டிருந்தீர்கள்.

1983 முதல் நடந்துவரும் இக்கண்காட்சி, பொதுவாக அக்டோபரில் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாட்கள் நீடிக்கிறது. 2019ஆம் ஆண்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். விளையாட்டுகளை வெளியிடும் பதிப்பகங்கள் தங்கள் அரங்குகளிலேயே மேசையிட்டு, விதிகளை விளக்க ஆட்களையும் அமர்த்தியிருப்பதால், அட்டைப்படத்தை நம்பாமல் விளையாடிப் பார்த்தே வாங்கலாம் என்பதுதான் இதன் பெருஞ்சிறப்பு.

புறப்படுமுன், பலகை விளையாட்டுகளுக்கான இணையதளமான போர்டுகேம்கீக்கின் முன்னோட்டப் பட்டியலிலிருந்து பத்துப் பதினைந்து விளையாட்டுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பான், கொரியா, தைவான் நாடுகளின் சிறு பதிப்பகங்கள் குறைந்த பிரதிகளையே கொண்டுவருவதால், முதல் நாள் காலையில் அவற்றுக்கே முன்னுரிமை தருவது நல்லது (ஆங்கில விதிநூல் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்). இரண்டு மணி நேர விளையாட்டை முழுதும் ஆடி முடிக்க வேண்டியதில்லை. அதன் போக்கை உணர மூன்று சுற்றுகள் போதும். ‘ஃபேர்ப்ளே’ என்ற ஜெர்மன் பலகை விளையாட்டு இதழ் பார்வையாளர்களின் மதிப்பெண்களைத் தொகுத்து அங்கேயே வெளியிடும் பட்டியலும் உதவும். ஆனால் எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்பதைப் பார்க்காமல் முதலிடத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.