ஜூஸ் பிழிந்த சக்கையை என்ன செய்வது?

கேள்வி: தினமும் காலையில் அரைக் கிலோ கேரட், ஒரு ஆப்பிள், விரலளவு இஞ்சி சேர்த்து ஜூஸ் எடுக்கிறோம். இரண்டு கப் சக்கை மிஞ்சுகிறது. தோசை மாவில் கலந்தேன். கல்லில் ஒட்டிப் பிய்ந்துவிட்டது. பூந்தொட்டியில் போட்டால் ஈ மொய்க்கிறது. வீணாக்காமல் எப்படிப் பயன்படுத்துவது? (வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: தோசை பிய்ந்ததில் உங்கள் கைத்தவறு எதுவும் இல்லை. சாறு போன நார் வறண்டது. மாவில் விழுந்ததும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மெல்லிய தோசையை அது கிழித்துவிடும். கனமான அடைதான் அதற்குச் சரி.

அதற்கு முன், பிழியும் வரிசையை மாற்றுங்கள். முதலில் கேரட், சக்கையை எடுத்து வைத்துவிட்டு ஆப்பிள், கடைசியில் இஞ்சி. மூன்றும் கலந்தால் ஆப்பிளின் இனிப்பு கல்லில் கருகும், இஞ்சி நார் பல்லில் சிக்கும். ஆப்பிளின் விதையையும் நடுப்பகுதியையும் பிழியும் முன்பே நீக்கிவிடுங்கள். அரைபட்ட விதையிலிருந்து சயனைடு உண்டாகும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் சக்கை சீக்கிரம் புளிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் சமைத்துவிடுங்கள். மிஞ்சினால் 100 கிராம் வீதம் ஜிப் பையில் தட்டையாகப் பரப்பி ஃபிரீசரில் வையுங்கள். இரண்டு மாதம் தாங்கும். உருண்டையாக உறையவிட்டால் தேவைக்கு உடைத்து எடுக்க முடியாது.

அடைக்கு: புழுங்கலரிசி 1 கப், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் தலா அரை கப், காய்ந்த மிளகாய் 5. மூன்று மணி நேரம் ஊறவைத்து, உப்பு, பெருங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அழுத்தாமல் அளந்த 1 கப் கேரட் சக்கையும் கால் கப் தண்ணீரும் கலந்து 15 நிமிடம் விடுங்கள். இந்த 15 நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள். நார் குடிப்பதைக் குடித்த பிறகுதான் மாவின் உண்மையான பதம் தெரியும். இறுகியிருந்தால் இன்னும் சிறிது தண்ணீர். தீ மிதமாக இருக்கட்டும். கூடினால் வெளியே சிவந்து உள்ளே வேகாமல் நிற்கும். நடுவில் குழியிட்டு எண்ணெய் விட்டு, மூடி வேகவையுங்கள். சக்கையில் தங்கியிருக்கும் கரோட்டின் உடம்பில் சேரவும் அந்த எண்ணெய் உதவும்.

சப்பாத்திக்கு 2 கப் ஆட்டாவுக்கு அரை கப் கேரட் சக்கை போதும். சக்கையை மாவில் பிசிறிவிட்டுத் தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். ஆப்பிள் சக்கை 1 கப்புக்கு வெல்லம் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் கால் கப், ஒரு சிட்டிகை பட்டைத்தூள். பத்து நிமிடம் கிளறினால் ரொட்டியில் தடவலாம். இஞ்சிச் சக்கையைத் தேநீரில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கேரட் சக்கையில் அல்வா மட்டும் வேண்டாம்: இனிப்பும் மணமும் ஜூஸோடு போய்விட்டன, நெய்தான் வீண்.

இனி செடி. குப்பைக் குழாயில் போடுவது எரிக்கப்பட்டுச் சாம்பலாகச் செமக்காவ் தீவின் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. உரமாக்கினால் உங்கள் தொட்டிக்கே பயன்படும். ஆனால் பச்சைச் சக்கையை நேராக மண்ணில் போடாதீர்கள். ஈரப்பொடி இறுகிக் காற்றுப் புகாமல் அழுகும்; ஈ வருவது அதனால்தான். துளையிட்ட, மூடியுள்ள வாளியில் 1 கப் சக்கைக்கு 2 கப் தென்னை நார்த்தூள் அல்லது காய்ந்த இலை கலந்து, மேலே இரண்டு விரல் உயரம் நார்த்தூள் பரப்புங்கள். வாரம் இருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னொரு கப் நார்த்தூள் சேருங்கள்.