ஐம்பதாயிரம் டாலரும் இருபத்து நான்கு மாதமும்

கேள்வி: மதுரையில் பி.டி.எஸ். முடித்து, திருமணமாகி அமெரிக்கா வந்தேன். இங்கே மறுபடியும் பல் டாக்டராவதற்குப் பணமும் காலமும் கூடிவரவில்லை. பல்கலைக்கழகத்தில் டென்டல் ஹைஜீன் (பல்லைச் சுத்தம் செய்து, நோய் வராமல் காக்கும் படிப்பு) படித்து, இப்போது டாலஸில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். கல்விக் கடன் 52,000 டாலர் நிற்கிறது. போன வருடம் குடியுரிமை கிடைத்தது. மெக்ஸிகோ எல்லையை ஒட்டி, மெக்காலன் பக்கம் ஒரு சமூக சுகாதார மையத்தில் கூப்பிடுகிறார்கள். இப்போதைய சம்பளத்தைவிட மணிக்கு 8 டாலர் குறைவு. ஆனால் இரண்டு வருடம் இருந்தால் அரசாங்கமே கடனை அடைக்குமாம். "ஒரு வருஷம் இருந்து பார்ப்போம், பிடிக்கலேன்னா திரும்பிடலாம்" என்கிறார் கணவர். "டாக்டருக்குப் படிச்சவ, ஊர்க்கோடிக்குப் போய் அடுத்தவங்க பல்லைத் தேய்ச்சுவிடணுமா?" என்று மாமியார் கேட்கிறார். போகட்டுமா?
– ஒரு வாசகி, டாலஸ்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கணவர் சொன்னதைப் படித்ததும் பதறிவிட்டேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சொல்வது நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் என்ற மத்திய அரசு அமைப்பு நடத்தும் கடன் அடைப்புத் திட்டம். பல் மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில், அவர்கள் அங்கீகரித்த மையத்தில், இரண்டு வருடம் முழுநேரம் வேலை பார்த்தால் ஹைஜீனிஸ்டுக்கு 50,000 டாலர் வரை தருகிறார்கள். பணம் தொடக்கத்திலேயே உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். வேலையைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வேலை செய்யாத மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 7,500 டாலர் அபராதம், வட்டி தனி. ஒரு வருடத்தில் நீங்கள் கிளம்பினால் திருப்ப வேண்டியது 25,000, அபராதம் 90,000, ஆக 1,15,000 டாலர். ஒரே ஒரு மாதம் பாக்கி வைத்தாலும் 31,000-க்குக் குறையாது. 52,000 கடனை அடைக்கப் போய் அதைவிட இரண்டு மடங்கு தலையில் ஏறும். "இருந்து பார்ப்போம்" என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மையமே மூடிவிட்டாலோ, உங்கள் தவறில்லாமல் வேலை போனாலோ, அங்கீகாரம் பெற்ற இன்னொரு மையத்துக்கு மாற வழி உண்டு. நீங்களாக ராஜினாமா செய்தால் அந்த வழி அடைபடக்கூடும். வருடத்துக்கு ஏழு வாரத்துக்கு மேல் விடுப்பானால் முடிகிற தேதி தள்ளிப்போகும். குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

சம்பளக் குறைவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மணிக்கு 8 டாலர் என்றால் இரண்டு வருடத்தில் 33,280, அதுவும் வரி போவதற்கு முன். இந்த 50,000-க்கோ மத்திய வருமான வரி கிடையாது. 2024 முதல், ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும் என்று தேர்வில் நிரூபிப்பவர்களுக்கு 5,000 டாலர் வரை கூடுதலாகவும் வைத்திருக்கிறார்கள். உங்கள் மிச்சக் கடன் 2,000-த்தையும் அது தீர்த்துவிடும். அந்த ஊரில் ஸ்பானிஷ் இல்லாமல் நோயாளியிடம் பேசவும் முடியாது. இன்றே தொடங்குங்கள்.

வந்த பணம் முழுக்கக் கல்விக் கடனுக்கே போக வேண்டும்; கடைசியில் கணக்குக் காட்டச் சொல்வார்கள். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கணவருடைய கடனோடு உங்கள் கடனைச் சேர்த்து ஒன்றாக்கவும் வேண்டாம்.

விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பற்றாக்குறையை 'ஹிப்ஸா' மதிப்பெண்ணால் அளக்கிறார்கள். பல் மருத்துவத்துக்கு அது 26 வரை போகும். மதிப்பெண் கூடிய மையங்களுக்கே முன்னுரிமை. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் வேலை பார்த்த மாதங்கள் கணக்கில் சேராது. ஆகவே இந்தப் பணம் வராவிட்டாலும் அந்த வேலையில் இருப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மையம் லாப நோக்கற்றது, கடன் மத்திய அரசின் நேரடிக் கடன் என்றால், 120 மாதத் தவணை கட்டிய பின் மீதியைத் தள்ளுபடி செய்யும் பொதுச்சேவைத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. பத்து வருடப் பாதைதான், ஆனாலும் பாதை.

மாமியார் பேச்சு உங்களுக்கு வலித்திருக்கிறது, தெரிகிறது. 1906-ல் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர், பல் சொத்தையாகும் முன்பே தடுக்க வேண்டும் என்று தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குக் கற்றுக்கொடுத்ததில் பிறந்த தொழில் உங்களுடையது. டெக்ஸாஸில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட், பெரியவர்களின் வழக்கமான பல் பராமரிப்புக்குக் கைகொடுப்பதில்லை. வலி பொறுக்க முடியாமல் பிடுங்க வரும் வரை பல்லை யாரும் பார்க்காத மனிதர்கள் உங்கள் நாற்காலியில் உட்காருவார்கள். அவர்களுடைய ஈறிலிருந்து நீங்கள் சுரண்டி எடுக்கப்போவது பல வருடப் பற்காரை. மதுரையில் படித்த படிப்பு அங்கே நாள்தோறும் உதவும். மாமியாரிடம் கோபப்படாமல் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கணவருடைய வேலை வீட்டிலிருந்தே செய்யக்கூடியதா என்று நீங்கள் எழுதவில்லை. டாலஸுக்கும் மெக்காலனுக்கும் சுமார் 800 கிலோமீட்டர். வார இறுதிக்கு வார இறுதி காரில் வந்து போகலாம் என்ற கணக்கு மூன்று மாதம்கூடத் தாங்காது. இரண்டு பேரும் அங்கே குடியிருக்க முடியும் என்றால் போங்கள். முடியாது என்றால் வேண்டாம்.

கையெழுத்திடும் முன், மையம் அங்கீகாரம் பெற்றதா, அதன் பல் மருத்துவ மதிப்பெண் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் வேலை பார்த்த ஹைஜீனிஸ்ட் எத்தனை மாதம் இருந்தார், ஏன் போனார் என்று கேளுங்கள். முடிந்தால் அவரிடமே பேசிவிடுங்கள்.