மயில் நீல முடி: சாயத்துக்கு முன் அடிநிறத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 23 வயது. களுவாஞ்சிகுடியில் ஒரு முன்பள்ளியில் கற்பிக்கிறேன். இடுப்பளவு கறுப்பு முடி. மயில் நீலத்தில் நிறமூட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒன்லைனில் அம்மோனியா இல்லாத செமி பெர்மனன்ட் சாயம் ஒன்றை வாங்கிப் பூசினேன். கழுவியதும் துவாய்தான் நீலமானது. முடியில் வெயில் படும்போது மட்டும் இலேசான சாயல் தெரிகிறது. பிளீச் செய்தால் பிடிக்கும் என்கிறாள் தோழி. முடியெல்லாம் கொட்டிவிடும் என்கிறார் அம்மா. ஒன்றரை வருடத்துக்கு முன் கடையில் வாங்கிய கறுப்பு மருதோன்றிப் பொடி போட்டிருக்கிறேன். வீட்டில் கிணற்றுத் தண்ணீர். இரண்டு மாதத்தில் அக்காவின் கல்யாணம். வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: தங்கை, நீங்கள் வாங்கிய சாயத்தில் பெரும்பாலும் குறை இல்லை. அது செய்யக்கூடியதைச் செய்திருக்கிறது. செமி பெர்மனன்ட் சாயத்தில் இருப்பவை ஏற்கெனவே நிறம் கொண்ட மூலக்கூறுகள். அவை முடியின் வெளிப்புறச் செதில் அடுக்கிலும் அதற்குச் சற்று உள்ளேயும் ஒட்டிக்கொள்கின்றன. முடிக்குள் இருந்து கறுப்பு நிறம் தரும் மெலனினை அவை தொடுவதில்லை, கறுப்பைக் குறைப்பதுமில்லை. இந்த வகைச் சாயம் முடிக்குத் தீங்கு செய்யாததன் காரணமும், உங்கள் தலையில் தெரியாமல் போனதன் காரணமும் ஒன்றுதான். இதை இன்னும் மூன்று முறை பூசினாலும், இரவு முழுவதும் தலையில் வைத்திருந்தாலும் கறுப்பின் மேல் மயில் நீலம் தெரியாது.

ஆகவே முடிவு எடுக்க வேண்டியது சாயத்தைப் பற்றி அல்ல, அடிநிறத்தைப் பற்றி. கறுப்பு முடியை வெளிறச் செய்யும்போது அது நேராக வெள்ளையாவதில்லை. முதலில் கருஞ்சிவப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள், கடைசியில்தான் வெளிர் மஞ்சள். ஒவ்வொரு படிக்கும் ஏற்ற சாயம் வேறு. கருஞ்சிவப்பு நிலையில் வைன் சிவப்பு நன்றாகப் பிடிக்கும். செம்மஞ்சளில் செம்பு நிறமும் கடும் இளஞ்சிவப்பும் அழகாக வரும். மயில் நீலம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. செம்மஞ்சளின் மேல் நீலத்தைப் பூசினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துச் சேற்றுப் பச்சையாக நிற்கும். மஞ்சளின் மேல் பூசினால் இலைப் பச்சை வரும். பழுத்த வாழைப்பழத் தோலின் உட்புறம் இருக்குமே, அந்த வெளிர் மஞ்சளுக்கு முடி வந்தால்தான் டப்பாவில் உள்ள படத்தைப் போன்ற நிறம் கிடைக்கும். இடுப்பளவு கறுப்பு முடியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு முறை பிளீச் போதாது. இடைவெளி விட்டுப் பல முறை செய்ய வேண்டும்.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது அந்தக் கறுப்பு மருதோன்றிப் பொடி. மருதோன்றி இலையில் உள்ள நிறம் செம்மஞ்சள் கலந்த சிவப்பு மட்டுமே. அரை மணி நேரத்தில் கறுப்பாகும் பொடி என்றால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது பிபிடி எனப்படும் பராஃபெனிலீன்டயமின் என்ற சாய இரசாயனம். சில பொடிகளில் உலோக உப்புகளும் இருக்கும். உலோக உப்பு படிந்த முடியில் பிளீச் கலவையில் சேரும் பெரொக்சைட் பட்டால் கலவை சூடேறும். முடி அந்த இடத்திலேயே கருகி அறுந்துபோவதும் உண்டு.

ஒன்றரை வருடம் ஆகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர்தான் வளர்கிறது. அப்படியானால் உச்சந்தலையிலிருந்து 18 சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் உங்களுடையது புது முடி. அதற்குக் கீழே தோளிலிருந்து இடுப்புவரை தொங்குவது அத்தனையும் பொடி பட்ட பழைய முடி. நுனி முடிக்கு ஐந்து வயதாவது இருக்கும். பிளீச் போட்டால் மேல்பகுதி விரைவில் வெளிறும்; கீழ்ப்பகுதி செங்கருமையாக அடம்பிடிக்கும். நுனிக்கு மட்டும் நிறமூட்டுவது பொதுவாகப் பாதுகாப்பான வழி. உங்கள் விடயத்தில் நுனிதான் ஆபத்தான பகுதி.

அதனால் என் பதில் தெளிவானது: முழுத் தலையையும் வீட்டில் பிளீச் செய்யாதீர்கள். கல்யாணத்துக்கு முன் நிச்சயமாக வேண்டாம்.

ஆனால் கல்யாணத்தில் மயில் நீலத்தோடு நிற்கலாம். கிளிப் வைத்த முடிக்கீற்றுகள் விற்பனையில் உள்ளன. மனித முடியால் ஆனதா என்று கேட்டு, வெளிர் மஞ்சள் நிறத்தில் நான்கைந்து கீற்றுகள் வாங்குங்கள். நைலோன் போன்ற செயற்கை இழைகளில் இந்தச் சாயம் சீராகப் பிடிக்காது. ஒரு முறை ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, உங்களிடம் மீதமுள்ள அதே சாயத்தை அதில் பூசுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். டப்பாவில் பார்த்த நீலம் அப்படியே வரும். பின்னலுக்குள் இரண்டு கீற்றைச் சேர்த்துப் பின்னி, மேலே மல்லிகைச் சரம் வைத்தால் மிக எடுப்பாக இருக்கும். சேலையில் நிறம் இறங்குமோ என்ற பயம் இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் கீற்றை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறாத வரைக்கும் அலசிக் காயவையுங்கள். பட்டுச் சேலையில் பட்ட நீலக் கறை இலகுவில் போகாது.

கல்யாணம் முடிந்த பிறகும் சொந்த முடியில் நிறம் வேண்டும் என்று தோன்றினால், காதுக்குப் பின்னால் பென்சில் தடிப்பில் ஒரு கீற்று மட்டும் செய்யலாம். அதற்கு முன் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. சீப்பில் உதிரும் முடியைச் சில நாட்கள் சேர்த்து நூலால் கட்டுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் பிளீச் கலவையில் அதை ஊறவைத்து அரை மணி நேரம் கவனியுங்கள். கிண்ணம் சூடானால், நுரைத்துப் பொங்கினால், முடி இழுத்ததும் அறுந்தால் அதோடு விட்டுவிடுங்கள். பொடி பட்ட முடி வளர்ந்து, வெட்டப்பட்டுத் தீரும்வரை உங்களுக்குப் பிளீச் ஆகாது. எதுவும் நடக்காமல் நிறம் மட்டும் வெளிறினால் மேலே போகலாம். எந்த நிறம்வரை வெளிறும் என்பதையும் அந்தக் கட்டே காட்டிவிடும்.

தோல் சோதனையும் தேவை. சாயத்தில் ஒரு துளியைக் காதின் பின்புறத்தில் தடவி 48 மணி நேரம் பாருங்கள். கறுப்புப் பொடி போட்டபோதோ, விரைவில் கறுக்கும் மருதோன்றிக் கோனைக் கையில் இட்டபோதோ அரிப்போ கொப்புளமோ வந்திருந்தால் உங்கள் உடல் பிபிடிக்கு ஒவ்வாமை கொண்டிருக்கலாம். அந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பிரகாச நிறச் செமி பெர்மனன்ட் சாயங்களில் பெரும்பாலும் பிபிடி இருப்பதில்லை; இருந்தாலும் உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். முகம் வீங்கினால், மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், அல்லது 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

பிளீச் என்றால் முடிக்கென்று விற்கப்படும் தூளும் பெரொக்சைட் கிறீமும்தான். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளையும், கழிவறை கழுவும் திரவத்தையும் முடிக்குப் பயன்படுத்தவே கூடாது. இரண்டுமே தோலையும் கண்ணையும் எரித்துவிடும். பெரொக்சைட்டில் 20 வொல்யூம், அதாவது 6 சதவீதம் உள்ளதே வீட்டுக்குப் போதும். 12 சதவீதமான 40 வொல்யூமைக் கடைக்காரர் விரைவில் வேலை முடியும் என்று நீட்டினாலும் வாங்காதீர்கள். தூளில் உள்ள பெர்சல்பேட் மூச்சுக்குழாயை உறுத்தும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் கலக்கவும் வேண்டாம், அருகில் நிற்கவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, பிளாஸ்ரிக் கிண்ணத்தில் கலந்து, கீற்றின் கீழே அலுமினியத் தாளை வைத்துப் பூசுங்கள். முதலில் பழைய முடிப் பகுதி, பிறகு புது முடி. தோலிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குப் பூசாமல் விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை துடைத்துப் பாருங்கள். பொதியில் சொன்ன நேரத்தை ஒரு நிமிடமும் தாண்ட வேண்டாம். வெயிலில் நிற்பதும், சூடான காற்று பிடிப்பதும் வேண்டாம். கச்சான் வீசும் மாதங்களில் நம் வீட்டு அறையின் வெக்கையே வேலையை வேகப்படுத்திவிடும்.

முதல் முறையில் செம்மஞ்சள்தான் வரும். அங்கே நிறுத்துங்கள். ஈரமான முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள்; நீண்டுவிட்டுத் திரும்பாமல் தொய்ந்தால் முடியின் உட்புறப் புரதப் பிணைப்புகள் உடைந்திருக்கின்றன, மறுபடி பிளீச் கூடாது. உறுதியாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை செய்யலாம். அதுவரை கடும் இளஞ்சிவப்பைப் பூசிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் நம் பெண்களின் தலையில் அந்த நிறம் மயில் நீலத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது. முடிக்கும் சேதம் குறைவு.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. பிளீச் தோலில் படாதவரை வேருக்கு எதுவும் ஆகாது. புது முடி வழக்கம்போல வளரும். பிளீச்சால் பெரும்பாலும் நடப்பது முடி நடுவில் முறிவது. ஆனால் தோலில் பட்டுப் புண்ணானால், ஆழமான புண் ஆறிய இடத்தில் முடி வளராமலும் போகலாம். அம்மாவின் பயத்தில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

சாயம் பூசும் வேலை இலகுவானது. எண்ணெய் இருந்தால் சாயம் பிடிக்காது. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊடுருவும் என்பதால் இரண்டு முறை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். கண்டிஷனர் வேண்டாம். முழுவதும் காய்ந்த பிறகு, காது ஓரத்திலும் கழுத்திலும் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொண்டு, இழை தெரியாத அளவுக்கு அள்ளிப் பூசுங்கள். பெரொக்சைட்டைச் சாயத்தில் கலக்கவே கூடாது; இந்த வகைக்கு அது தேவையில்லை. நிறம் கடுமையாகத் தெரிந்தால் வெள்ளைக் கண்டிஷனரில் கலந்து இளக்கலாம். அலசும் நீரைக் கிணற்றுக் கட்டிலிருந்து தள்ளி ஊற்றுங்கள். சீமெந்துத் தரையில் சிந்தினால் காயும் முன் கழுவிவிடுங்கள்.

இனித் தண்ணீர். நம் கரையோர மணல் நிலக் கிணறுகள் பலவற்றில் உவர் உண்டு. சிலவற்றில் இரும்பும் உண்டு. கிணற்றடியிலும் வாளியிலும் காவிக்கறை படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் உங்கள் முடியிலும் அது படிந்திருக்கும். பிளீச்சுக்கு முன், உலோகப் படிவைப் பிடித்து அகற்றும் ஈடிடிஏ சேர்ந்த ஆழச் சுத்த ஷாம்புவால் கழுவுவது அவசியம். உவர் நீரில் சவர்க்காரம் சேர்ந்தால் முடியில் பிசுக்குப் படியும். சவர்க்காரத்தின் காரம் செதில்களை விரித்து நிறத்தையும் வெளியேற்றும். எனவே தலைக்குச் சவர்க்காரம் வேண்டாம். குழாய்நீர் கிடைத்தால் தலையை மட்டும் அதில் கழுவுங்கள். தினமும் தலையில் வார்க்கும் பழக்கத்தை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்தால் நிறம் பல வாரம் நிற்கும். மற்ற நாட்களில் கொண்டையை உயர்த்திக் கட்டிக்கொண்டு உடம்புக்கு மட்டும் வார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயை உச்சந்தலையோடு நிறுத்துங்கள். நிறமூட்டிய கீற்றில் எண்ணெய் ஊறினால் சாயம் கரைந்து இறங்கும். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடலில் இறங்குவதானால் முதலில் நல்ல தண்ணீரில் முடியை நனைத்துப் பின்னிக்கொள்ளுங்கள். உப்பும் வெயிலும் சேர்ந்தால் நிறம் வேகமாக வெளிறும்.

முதல் இரண்டு வாரம் வியர்வையிலும் நிறம் கசியும். மாரி மழையில் நனைந்தாலும் அப்படித்தான். வெள்ளை உடைகளைத் தவிருங்கள். கடும் நிறத் தலையணை உறை போடுங்கள். ஸ்கூட்டியில் போகிறவர் என்றால் ஹெல்மெட்டுக்குள் கறுப்புப் பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். தோலில் பட்ட கறையை எண்ணெய் எடுத்துவிடும்.

பிறகு கறுப்புக்குத் திரும்ப நினைத்தால், வெளிறிய கீற்றின் மேல் நேராகக் கறுப்புச் சாயம் பூச வேண்டாம். மெலனின் இல்லாத அந்த முடியில் கறுப்பு தட்டையாகப் படிந்து, சில வாரத்தில் பச்சை கலந்த சாம்பலாக மாறும். முதலில் செம்பழுப்பு நிறத்தை நிரப்ப வேண்டும், அதன் மேல்தான் கறுப்பு. இதை மட்டும் சலூனில் செய்வித்துக்கொள்ளுங்கள். ஒரே கீற்று என்பதால் சிறிய வேலைதான். கறுப்புச் சாயத்தில் பெரும்பாலும் பிபிடி இருக்கும் என்பதால் அங்கும் 48 மணி நேரத் தோல் சோதனையை முன்கூட்டியே கேட்டுச் செய்யுங்கள்.